நமது கரையோரம் வெறும் வழிப்பாதையா?

கொழும்பிலிருந்து மொனராகலை ஊடாகப் பொத்துவிலை அடையும் ஏ4 நெடுஞ்சாலை அங்கே வடக்கே திரும்புகிறது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை எனப் பல ஊர்களைக் கடந்து மட்டக்களப்பு வரை செல்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். ஆனால் உல்லாசப் பயணிகளில் பலர் அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாடி, லகுகலையில் யானையும் குமனையில் பறவையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகின்றனர். மற்றும் சிலர் நமது கடைத்தெருக்களில் இறங்காமலே பாசிக்குடாவுக்குப் போய்விடுகின்றனர். இதை மாற்றும் வழி வர்த்தக சகோதரர்களின் கையில்தான் உள்ளது என்பது எனது கருத்து.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் மழையையும் கடற்கொந்தளிப்பையும் கொண்டுவருகிறது. அதே மாதங்களில் நமக்குக் கச்சான் காற்றும் நல்ல வெயிலும்தான். அங்கே வியாபாரம் படுக்கும்போது இங்கே எழும்புகிறது. ஆனால் நவம்பரில் மாரி பிடித்தால் ஜனவரி வரை ஆளரவம் குறைந்துவிடும். ஆகவே பன்னிரண்டு மாத வருமானத்தைக் கணக்குப் போட்டு, வங்கிக் கடனில் விடுதி கட்டுவது ஆபத்தானது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் நாடெங்கும் விடுதிகள் வெறிச்சோடின. 2024 ஒக்டோபரில் அறுகம்பே பற்றி அமெரிக்கத் தூதரகம் விடுத்த ஓர் எச்சரிக்கை ஒரே நாளில் உலகச் செய்தியானது. முழு முதலையும் இத்தொழிலில் போடக் கூடாது என்பதற்கு இவையே சாட்சி.

நான் சொல்வது, இருக்கும் தொழிலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். மருதமுனைக் கைத்தறிச் சேலையும் சாரனும், எருமைத் தயிரும், கருவாடும், அன்றன்று பிடித்த மீனும் நம்மிடம் இருக்கின்றன. அறுகம்பே ஹோட்டல்களுக்கு இவற்றை ஒழுங்காக விநியோகிக்கலாம். வீதியோரக் கடைகளிலும் விற்கலாம்.

உல்லாசப் பயணம் என்றால் மதுவும் அரைகுறை ஆடையும்தானே என்று உலமாக்களும் பெரியவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஓகஸ்ட் விடுமுறையில் வேன் பிடித்து வரும் குடும்பங்களும் பயணிகள்தாம். மாலைதீவு, மலேசியா, வளைகுடா நாட்டு முஸ்லிம்களும் பயணிகள்தாம். அவர்கள் தேடுவது ஹலால் சாப்பாடு, குடும்பத்தோடு தங்க ஓர் அறை, பெண்கள் வுழூச் செய்து தொழ ஓர் இடம், சுத்தமான மலசலகூடம். முதல் மூன்றுக்கும் நமது ஊர்களில் பெரிய செலவில்லை. நான்காவதில்தான் பல சாப்பாட்டுக் கடைகள் தோற்றுப்போகின்றன.

குப்பையும் அப்படித்தான். அட்டாளைச்சேனைப் பிரதேசத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் மாண்ட செய்தி 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. யானை பார்க்க வருபவர் அதையும் வாசித்துவிட்டே வருகிறார். விலையிலும் கவனம் வேண்டும். வெளியூர்க்காரருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை என்று விற்றால் அவர் மறுமுறை வர மாட்டார். அதில் பறக்கத்தும் இருக்காது.

அடுத்த மே மாதத்துக்கு முன்னர் ஒவ்வோர் ஊரிலும் வர்த்தகர் சங்கமும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் உள்ளூராட்சி சபையும் ஒருமுறை கூடிப் பேசட்டும். பெருந்தெருவில் நல்ல மலசலகூடம், கடைதோறும் விலைப் பலகை, கடற்கரையில் குப்பைத் தொட்டி என இம்மூன்றையும் முதலில் செய்வோம். இன்ஷா அல்லாஹ், வாகனங்கள் தாமாகவே நமது கடைகளின் முன் நிற்கும்.