வாக்கெடுப்பில் தோற்ற புள்ளி

சென்ற மாதம் எங்கள் கல்லூரியின் கணினித் துறை மாணவர்கள் சிலர், உலாவிக்குள்ளேயே இயங்கும் அரட்டை நீட்சி ஒன்றை உருவாக்கத் திட்டமிட்டனர். 'வரவிருக்கும் வசதிகள்' என்று தலைப்பிட்ட தாளொன்றை ஆசிரியர் அறைக்கும் அனுப்பி, யோசனைகளை எழுதுமாறும், பிறர் எழுதியவற்றுள் வேண்டியவற்றுக்குக் குறியிடுமாறும் கேட்டிருந்தனர். நான் ஒரு வரி எழுதினேன்: 'நீண்ட தமிழ்ச் செய்தியைப் பிரித்து அனுப்ப நேர்ந்தால், எழுத்தின் நடுவே வெட்டாதிருக்க வேண்டும்.' ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கருநிறப் பின்னணியும் அசையும் பொம்மைகளும் முன்னிடம் பெற்றன. என் வரிக்குக் கிடைத்தது ஒரே வாக்கு. அதுவும் நான் இட்டது. எதிரே 'ஆதரவு குறைவு, பின்னர் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தது.

மாணவர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் பின்பற்றியது மென்பொருள் உலகில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். அந்த வழக்கமே பிழையானது என்பது என் கட்சி. ஒரு மொழியின் எழுத்தைச் சிதைப்பது 'வசதிக் குறைவு' அன்று, அது பிழை. பிழையைத் திருத்தலாமா என்று வாக்கெடுப்பு நடத்துவதில்லை.

இது வெறும் உணர்ச்சி அன்று என்பதற்குக் கணக்கைக் காட்டுகிறேன். உலாவியில் வாழ்ந்த அரட்டை நீட்சிகளுள் பெயர்பெற்றது சாட்ஜில்லா. ராபர்ட் ஜிண்டா தொடங்கிய அது, மொசில்லா உலாவியோடும் பின்னர் ஃபயர்ஃபாக்ஸோடும் இணைந்து இயங்கியது. அது பேசிய நெறிமுறை ஐஆர்சி. 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் உருவாக்கியது. 1993இல் வெளியான அதன் விதி ஆவணமான ஆர்எஃப்சி 1459, ஒரு செய்தி, வரிமுடிவுக் குறிகள் இரண்டையும் சேர்த்து, 512 பைட்டுகளைத் தாண்டலாகாது என்று வரையறுக்கிறது. அனுப்புநர் அடையாளமும் அறைப்பெயரும் நூறு பைட்டுகளை எடுத்துக்கொண்டால் எஞ்சுவது 410. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது 410 எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு. ஆக நமக்குக் கிடைப்பது 136 குறியீடுகள். அவையும் முழு எழுத்துகள் அல்ல. 'கொ' என்பது இரண்டு குறியீடு, ஆறு பைட்டு. 'க்' என்பதும் அவ்வாறே. அகர உயிர்மெய்யைவிட மெய்யெழுத்து இருமடங்கு இடம் கேட்கிறது.

வரம்பு குறைவாக இருப்பதை நான் பொறுத்துக்கொள்வேன். வெண்பா எழுதிப் பழகிய மொழிக்கு அளவு ஒரு தடையன்று. அந்த வரம்பு எங்கே வெட்டுகிறது என்பதே கேள்வி. 'பல்' என்ற சொல்லில் புள்ளிக்கு முன் வெட்டு விழுந்தால் வாசிப்பவருக்குப் போய்ச் சேர்வது 'பல'. வாய்க்குள் இருப்பது எண்ணிக்கையாகிவிடுகிறது. மிச்சமான புள்ளி அடுத்த செய்தியின் தலையில் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் ஏறி அநாதையாக நிற்கும். மூன்று பைட்டுகளுக்கு நடுவே வெட்டினால் வருவது எழுத்தே அன்று, கேள்விக்குறியிட்ட கட்டம். மெய்யெழுத்துக்குப் புள்ளியைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்தது. அதைக் காப்பாற்ற இன்று ஒரு கல்லூரியில் வாக்குச் சேகரிக்க வேண்டியிருக்கிறது!

'பெரும்பான்மையினர் கேட்பதை முதலில் செய்வதுதானே நியாயம்?' என்பர். இருக்கும் பயனரிடையே எடுக்கும் வாக்கெடுப்பில், எழுத்து உடைந்ததால் விலகிப் போனவர் எண்ணப்படுவதில்லை. வாசலில் நுழைய முடியாதவன் உள்ளே நடக்கும் தேர்தலில் எவ்வாறு வாக்களிப்பான்? எனவே அந்த எண்ணிக்கை காட்டுவது தேவையின் அளவை அன்று. ஏற்கெனவே வசதியாக இருப்பவரின் விருப்பத்தை மட்டுமே.

இதற்கு அந்த விதி ஆவணத்துக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. பயனரின் பெயரில் வரும் சதுர அடைப்புக்குறியும் நெளிவு அடைப்புக்குறியும் ஒரே எழுத்தின் பெரிய, சிறிய வடிவங்களாகக் கருதப்பட வேண்டும் என்கிறது அது. காரணம், ஐஆர்சியின் ஸ்காண்டிநேவியத் தோற்றம். பின்லாந்தில் அன்று வழங்கிய ஏழு பிட் முறையில் அந்தக் குறிகளின் இடத்தில்தான் அவர்களுடைய புள்ளியிட்ட உயிரெழுத்துகள் இருந்தன. அதற்காக யாரும் வாக்களிக்கவில்லை. எழுதியவர் வீட்டு மொழி அது. ஆகவே உள்ளே வந்தது. பிற மொழிகளுக்கோ எந்த எழுத்துமுறை என்றே அந்த ஆவணம் குறிப்பிடவில்லை. நான் அந்தப் பின்லாந்துக்காரரைப் பழிக்கவில்லை. தம் எழுத்தைத் தாமே காத்துக்கொண்டார். நாம் அந்த மேசையில் இல்லை என்பதே செய்தி.

'மூலநிரல் திறந்திருக்கிறது, வேண்டுமானால் நீங்களே எழுதிச் சேருங்கள்' என்பது இரண்டாவது மறுப்பு. கட்டற்ற மென்பொருளின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் இந்த விடை, உரிமையைத் திறமைக்குப் பரிசாக மாற்றிவிடுகிறது. தன் மொழியில் எழுத்து உடையாமல் பேச, ஒருவர் முதலில் நிரலாளராக வேண்டுமா? அப்படியே எழுதிச் சேர்த்தாலும் அது நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57, பழைய முறை நீட்சிகளை முற்றாகக் கைவிட்டது. புதிய முறையில், சேவையகத்துடன் நேரடி இணைப்பைத் திறக்கும் வழி நீட்சிகளுக்குத் தரப்படவில்லை. ஐஆர்சிக்கு அதுவே உயிர்நாடி. சாட்ஜில்லா அங்கே நின்றுபோயிற்று. சீமங்கி உலாவியில் மட்டும் தொடர்ந்தது. பயனர்கள் எழுதிய யோசனைகளும் நிரலாளர்கள் போட்டுவைத்த திட்டங்களும், ஃபயர்ஃபாக்ஸைப் பொறுத்தவரை, ஒரே பதிப்பில் காகிதமாயின. பாதுகாப்பு, வேகம் என்று அதற்குக் கூறப்பட்ட காரணங்கள் பொய்யல்ல. எனினும் மாடியில் சன்னல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அடித்தளம் மாறும் செய்தி எவ்வளவு பெரிது என்பதை அது உணர்த்தியது.

மூன்றாவதாக, 'ஒருங்குறி வந்தபின் சிக்கல் ஏது?' என்று நம்மவரே கேட்பர். ஒருங்குறி எழுத்துகளுக்கு எண் கொடுத்தது. எங்கே வெட்டுவது என்பதை மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. எழுத்தெல்லை எது என்பதற்கும் ஒருங்குறி அமைப்பு விதி வெளியிட்டிருக்கிறது. அதன்படி பிரிக்கும் கருவி இன்று உலாவிகளிலேயே உண்டு. 2024 ஏப்ரலில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 125இலும் அது சேர்ந்துவிட்டது. 'க்ஷ' போன்ற ஓரிரு கூட்டெழுத்துகளைத் தனியே கவனித்தால் போதும். அசையும் பொம்மைகளுக்கு ஆகும் உழைப்பில் சிறுபகுதிகூட இதற்கு ஆகாது. ஆகவே 'பின்னர் பார்க்கலாம்' என்பது இயலாமையின் சொல் அன்று.

இவ்வளவு சொன்னபின் நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். தமிழாசிரியர்களாகிய நாம் யோசனை எழுதத் தெரியாதவர்கள். 'தமிழ் சரியாக வரவில்லை' என்று எழுதிவிட்டு, மொழிப்பற்றை நிறைவேற்றியதாக எண்ணி எழுந்துவிடுகிறோம். எந்தச் சொல், எத்தனையாவது எழுத்தில் உடைந்தது, எந்த உலாவி, எந்தப் பதிப்பு என்று எழுதுவதில்லை. குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நூற்குற்றங்களாக வகுப்பில் நடத்தும் நாமே, விண்ணப்பத்தில் இரண்டையும் ஒருசேரச் செய்கிறோம். என் ஒற்றை வரியும் குன்றக் கூறலே. 'பல்' 'பல' ஆகும் கதையை அன்றே தாளில் எழுதியிருந்தால் இன்னும் நான்கு பேராவது குறியிட்டிருப்பர்.

நேற்று அந்தத் தாளைத் திரும்ப வாங்கினேன். உடைந்த சொற்கள் ஐந்தையும், அவை உடைந்த இடங்களையும் பின்பக்கத்தில் எழுதினேன். முன்பக்கத்தில் என் வரியை அடித்துவிட்டு, 'திருத்த வேண்டிய பிழைகள்' என்று புதிய தலைப்பிட்டு அதன்கீழ் எழுதினேன். அந்தப் பகுதியில் வாக்குக் குறியிடும் கட்டத்தை வரையவில்லை. ஏன் கட்டம் இல்லை என்று மாணவர் ஒருவர் கேட்டார். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வாசித்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நீங்கள் ஒரு மென்பொருளுக்கு யோசனை எழுத நேரும்போது, இந்தத் தலைப்பை முதலில் கேட்டு வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.