பாய்லருக்குப் பொட்டா? வால்வுக்குப் பரிசோதனையா?

ஆயுத பூஜையன்று நம் சங்கரன்கோவில் கடைவீதியைச் சுற்றி வருகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். தறிக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், லாரிக்கு வாழைக்கன்று, திருஷ்டிக்குப் பூசணிக்காய். பாய்லர் வைத்து நெல் அவிக்கும் ஆலையிலே பாய்லருக்கும் மாலை போட்டுக் கற்பூரம் காட்டுகிறார்கள். இதனால் யாருக்கு என்ன நஷ்டம், சும்மா விட்டுவிடக் கூடாதா என்று சில நண்பர்கள் நம்மைக் கேட்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். பொட்டு வைத்தவரைப் பார்த்து, "ஐயா, இதன் தலையிலிருக்கும் சேப்டி வால்வைக் கழற்றிப் பார்த்து எத்தனை மாதமாயிற்று?" என்று கேளுங்கள். விழிப்பார். பூஜை போட்டாகிவிட்டது, இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை என்கிற அந்த எண்ணந்தான் நஷ்டம்.

சேப்டி வால்வு என்பது தேவரகசியமல்ல. நம் வீட்டுப் பெண்கள் தினந்தோறும் பார்ப்பதுதான். குக்கரிலே ஆவி மிஞ்சினால் குண்டு தூக்கி விசில் அடிக்கிறதல்லவா? அதே வேலைதான். 1679 இல் டெனிஸ் பாப்பின் என்கிற பிரெஞ்சுக்காரர் எலும்பை வேகவைக்க மூடிய பாத்திரம் ஒன்று செய்து, அது வெடிக்காமலிருக்க எடை தொங்கும் வால்வு ஒன்றையும் அமைத்தார். கிறிஸ்தவ மதத்திலேயே வேறு பிரிவைச் சேர்ந்தவர் என்பதனால் அவர் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் அந்நிய நாடுகளில் அலைந்தார். மதம் அவரை விரட்டிற்று. அவருடைய மூளையோ இன்று எல்லா மதத்தார் அடுப்பங்கரையையும் காக்கிறது.

பாய்லர் வால்வில் குண்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்கும். அது ஒரு தட்டைக் கீழேயிருக்கும் வாய் மீது அழுத்திப் பிடிக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தமென்றால், 5 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த வட்டத் தட்டை ஆவியானது சுமார் 137 கிலோ பலத்தோடு மேலே தள்ளுகிறது. குறித்த அளவு தாண்டியதும் தட்டு தூக்கி ஆவி வெளியேற வேண்டும். தூக்காவிட்டால் என்ன ஆகும்? அந்த அழுத்தத்தில் உள்ளே நீர் சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கிறது. பாய்லர் பிளந்தால் அந்த நீரில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிகிறது. சுவரும் நிற்காது, சுவருக்குப் பக்கத்தில் நிற்பவனும் நிற்கமாட்டான்.

இந்த வால்வு கெடுவது கிரகதோஷத்தினாலல்ல. உப்புத் தண்ணீரின் படிவு தட்டையும் வாயையும் ஒட்டவைக்கிறது. துரு பிடிக்கிறது. ஸ்பிரிங் தளர்கிறது. ஆவி போகும் குழாயிலே தண்ணீரோ குப்பையோ அடைத்துக் கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் பரிகாரம் உண்டு, ஆனால் அது கோவிலில் இல்லை. பாய்லர் ஆறி, அழுத்தம் முழுவதும் இறங்கிய பிறகு வால்வைக் கழற்ற வேண்டும். படிவைச் சுரண்ட வேண்டும். தட்டையும் வாயையும் மெல்லிய அரைப்பு மசியிட்டு, ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தும்வரை தேய்க்க வேண்டும். கீறல் விட்ட ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். பிறகு, தெரிந்தவன் கையால், பிழையில்லாத அழுத்தமானி வைத்து, குறித்த அளவில் திறக்கிறதா என்று பார்த்து, திருகாணிக்கு ஈய முத்திரை போட்டு, தேதியை எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் அநேக இடங்களில் நடப்பதென்ன? வால்வு கொஞ்சம் ஆவி கசிந்தால் "விறகு வீணாகிறதே" என்று முதலாளி முகம் சுளிக்கிறார். வேலைக்காரன் பயந்துபோய்த் திருகாணியை இறுக்குகிறான், அல்லது லீவரில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டித் தொங்க விடுகிறான். கசிவு நின்றுவிட்டது! காவலும் நின்றுவிட்டது. 1923 ஆம் வருஷத்துப் பாய்லர் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக 2025 இல் வந்த சட்டமும் சரி, வால்வில் இப்படிக் கை வைப்பதைக் குற்றமென்றே சொல்லுகின்றன. ஆனால் சட்டம் தினந்தோறும் ஆலைக்குள் வந்து நிற்காது. தினந்தோறும் நிற்கிறவன் தொழிலாளிதான். வெடித்தால் முதலில் சாகிறவனும் அவன்தான்.

செத்த பிறகு என்ன சொல்லுகிறார்கள்? "அவன் தலைவிதி" என்கிறார்கள். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பாய்லர் வெடித்தால் "கடவுள் செயல்" என்று சொல்லிக் கைகழுவியவர்கள் இருந்தார்கள். 1854 இல் மான்செஸ்டரில் நீராவி யந்திரம் வைத்திருந்தவர்கள் சங்கம் கூடி, ஆள் வைத்துப் பரிசோதிக்க ஆரம்பித்தார்கள். 1882 இல் வெடிப்பு ஒவ்வொன்றையும் விசாரிக்கச் சட்டமே வந்தது. விசாரிக்க விசாரிக்கக் கடவுள் செயல் குறைந்து மனிதன் செயல் தெரியலாயிற்று.

நம் நாட்டைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2 ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயுத் தொட்டியின் சேப்டி வால்வு திறக்கத்தான் செய்தது. ஆனால் வெளிவரும் வாயுவை எரித்துப் போக்கும் கோபுரத்துக் குழாய் பழுதென்று துண்டித்துக் கிடந்தது. தொட்டியைக் குளிர வைக்கும் யந்திரமும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஏழைகள் மாண்டார்கள். வால்வு ஒன்று மட்டும் நன்றாயிருந்து பயனில்லை, அதைச் சேர்ந்த எல்லாமே நன்றாயிருக்க வேண்டும் என்பது அங்கே கண்ட பாடம். நெய்வேலியில் 2020 மே 7 ஆம் தேதி அனல்மின் நிலையத்துப் பாய்லர் பகுதியில் விபத்து. ஐம்பத்தைந்து நாள் கழித்து ஜூலை 1 ஆம் தேதி அதே நிலையத்தில் மறுபடியும் விபத்து. இரண்டாவதில் மட்டும் ஆறு பேர் அன்றே இறந்தார்கள், பின்னர் ஆஸ்பத்திரியில் இன்னும் பலர். அங்கே கெட்டது வால்வு என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே இடத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை வருவதற்குப் பெயர் விதியா என்றுதான் கேட்கின்றோம்.

புற்றுமண்ணுக்குப் பெயர்போன ஊர் நம்முடையது. அந்த மண்ணைப் பாய்லரில் பூசினால் ஆவி அடங்குமென்று எந்தப் பக்தராவது பக்கத்தில் நின்று காட்டுவாரா? மாட்டார். உயிர் என்று வந்துவிட்டால் அவருக்கும் பகுத்தறிவு வந்துவிடுகிறது. அந்தப் பகுத்தறிவைக் கூலிக்காரன் உயிருக்கும் கொஞ்சம் செலவிடுங்கள் என்பதுதான் நமது வேண்டுகோள்.

ஆகவே தோழர்களே! ஆயுத பூஜை விடுமுறையை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆலை நின்று, நெருப்பணைந்து, பாய்லர் ஆறிக் கிடக்கும் நாள் அது. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ய அதைவிட நல்ல நாள் ஏது? மாலைக்கும் பூசணிக்காய்க்கும் போகிற பணத்தில் ஒரு நல்ல ஸ்பிரிங் வாங்குங்கள். புரோகிதருக்குக் கொடுக்கும் தட்சணையைப் பரிசோதனைக்கு வருகிறவனுக்குக் கூலியாகக் கொடுங்கள். வால்வைச் சோதித்த தேதியைத் தொழிலாளிகள் கண்ணில் படும்படி பாய்லர் பக்கத்தில் எழுதித் தொங்கவிடுங்கள். தொழிலாளித் தோழர்களும், "சாமி கும்பிட்டாயிற்றா?" என்று கேட்பதை விட்டு, "தேதி என்ன?" என்று கேட்கப் பழகட்டும்.