தனிமையை உண்டாக்கியவர்கள் எங்கே?

கதையைப் படித்துக்கொண்டே அடுத்து என்ன செய்வது என்று நாமே தேர்ந்தெடுக்கும் கதை விளையாட்டுகளை உருவாக்க இன்று பெரிய பணம் வேண்டாம். 2009இல் வெளிவந்த ட்வைன் என்ற இலவசக் கருவி போதும். நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு மடிக்கணினியில் செய்துவிடலாம். நம் மாணவர்கள் இதில் இறங்க வேண்டும்.

இதற்குப் பொருத்தமான கரு ஒன்று உண்டு: தனிமையில் இருக்கும் ஒருவருக்கு வேற்றுக்கிரகவாசி நண்பராகிறார். நல்ல கருதான். ஆனால் முதல் காட்சியை எழுதும் முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதைமாந்தர் ஏன் தனியாக இருக்கிறார்? "அவர் சுபாவம் அப்படி" என்று எழுதினால், தனிமை மழைபோலத் தானாகப் பெய்ததாக ஆகிவிடும். சாதிச் சமூகத்தில் தனிமையை ஆட்கள் உண்டாக்குகிறார்கள். அவர்களையும் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

சத்யஜித் ராய் 1962இல் எழுதிய 'பங்குபாபுவின் நண்பர்' சாதியைப் பற்றிய கதை அல்ல. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. பங்குபாபு வங்காளத்துக் கிராமப் பள்ளி ஆசிரியர். மாலை அரட்டைக் கூட்டத்தின் நிரந்தரக் கேலிப்பொருள். மூங்கில் தோப்பில் இறங்கிய வேற்றுக்கிரகவாசி அவருக்கு வடதுருவத்தைக் காட்டுகிறார். அநியாயத்தைச் சகித்துக்கொள்வது சரியல்ல என்றும் சொல்கிறார். பிறகு பங்குபாபு அந்தக் கூட்டத்தின் முகத்துக்கு நேராகப் பேசிவிட்டு வெளியேறுகிறார். நட்பு அவரை வானத்துக்குக் கூட்டிப்போகவில்லை, ஊருக்குள் நிமிர்ந்து நிற்க வைத்தது.

ட்வைனில் செய்யப்பட்டு 2013இல் வெளிவந்த 'டிப்ரஷன் குவெஸ்ட்' விளையாட்டில் சில தேர்வுகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அவற்றின் மேல் கோடு அடித்திருக்கும். கிளிக் செய்ய முடியாது. மனச்சோர்வு உள்ளவருக்கு எதெல்லாம் எட்டாமல் போகிறது என்பதை அப்படிக் காட்டினார்கள். இந்த உத்தியை நாம் எடுத்துக்கொள்ளலாம், ஒரு மாற்றத்தோடு. அங்கே கோடு போட்டது நோய், இங்கே மனிதர்கள். சிறுவன் அம்பேத்கர் பள்ளிக் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்தால்தான் தண்ணீர். பியூன் இல்லாவிட்டால் தண்ணீரும் இல்லை. உங்கள் விளையாட்டில் 'தண்ணீர் குடி' என்பதன் மேல் கோடு இருக்கட்டும். அந்தக் கோட்டைத் தொட்டால், போட்டவர் யார் என்று தெரியட்டும்.

ஒரு பொறியில் மட்டும் விழாதீர்கள். தலித்தையே வேற்றுக்கிரகவாசியாக உருவகப்படுத்தாதீர்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் சாதியைப் பிறவி வேறுபாடாக அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஒரே இன மக்களைச் சமூகம் பிரித்து வைத்திருப்பதுதான் சாதி என்று 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். வெளியிலிருந்து வருபவருக்கு வேறு வேலை கொடுங்கள். அவருக்குச் சாதி தெரியாது. "இவர் ஏன் தனியாகச் சாப்பிடுகிறார்?" என்று அவர் கேட்கட்டும். ஒதுக்கியவர்கள் பதில் சொல்லட்டும்.

நட்சத்திரமும் தனிமையும் நமக்கு இரவல் விஷயங்கள் அல்ல. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் மாணவர்கள் 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் திறந்த வெளியில் தங்கினார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று பொருள். அவர்களில் ஒருவரான ரோகித் வெமுலா, கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். தன் இறுதிக் கடிதத்தில் நட்சத்திரங்களைப் பற்றியும் சிறுவயதுத் தனிமையைப் பற்றியும் எழுதியவர்.

அதனால் விண்கலம் வந்து காப்பாற்றுவதை ஒரே முடிவாக வைக்காதீர்கள். ஓர் அத்தியாயத்தில் விளையாடுபவரை ஒதுக்கப்பட்டவரின் வகுப்புத் தோழராக ஆக்குங்கள். தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காரும் தேர்வை அவருக்குக் கொடுங்கள். அதன் மேல் எந்தக் கோடும் இருக்காது. இருந்தும் கிளிக் செய்யத் தயங்குகிறாரா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

ஜெய்பீம்.