சாம்பல் வேண்டாம், அஞ்சலட்டை போடுங்க

சிறுசேரியில் மாலை வகுப்பு நடக்கிற எங்கள் கூடத்துச் சுவரில் ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் சுண்ணாம்புக் கட்டியால் படம் வரைந்து வைத்திருந்தான். மூலையில் ஒரு முக்காலி. அதில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். தலை தொங்கிவிட்டது. கை இரண்டும் தொடைமேல் கிடக்கிறது. உதட்டில் சிரிப்பு. கூட்டிப் பெருக்க வந்த ஆயா துடைப்பத்தைச் சாத்திவிட்டு நின்று பார்த்தது.

"யார்ரா இது? செத்துட்டானா?"

"இல்ல ஆயா. எரிஞ்சி சாம்பலாயிட்டான். வெள்ளச் சாம்பலு. பெரிய பாக்சரு."

"சாம்பலாவறதுல இன்னாடா பெருமை?"

பையனிடம் பதில் இல்லை. அன்றைக்கு என்னிடமும் இல்லை. இந்தப் படத்தைப் பார்த்து உருகி எழுதியவர்கள் பலரை நான் படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட ஆயாவின் கேள்வியைக் கேட்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை ஆயாவின் கட்சி.

பையன் வரைந்தது ஜோ யபுகியை. 'அஷிதா நோ ஜோ', அதாவது 'நாளைய ஜோ' என்கிற ஜப்பானியச் சித்திரக்கதை 1968 முதல் 1973 வரை 'ஷோனென் மேகசின்' வார இதழில் வந்தது. எழுதியவர் இக்கி கஜிவாரா, வேறு பெயரில். வரைந்தவர் தெட்சுயா சிபா. 1970-ல் ஒசாமு தெசாகி அதைத் தொலைக்காட்சித் தொடராக்கினார், 79 பகுதி. 1980-ல் இரண்டாம் தொடர், 47 பகுதி. ஓடுகிற படத்தைச் சட்டென்று நிறுத்தி ஓவியமாக உறையவைக்கிற அவருடைய முறையை அப்புறம் வந்த எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டார்கள். 1989-ல் அதே இதழில் தொடங்கிய 'ஹஜிமே நோ இப்போ'வும், ஜோவின் ஐம்பதாம் ஆண்டுக்காக 2018-ல் வந்த 'மெகலோ பாக்ஸ்' தொடரும் அந்த வழியில் வந்தவை. சிப்காட் பூங்காவுக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளின் பனியனிலும் ஜோ உட்கார்ந்திருக்கிறான். நம்ம பையனின் அண்ணன் அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறான். அவன் வழியாகத்தான் ஜோ சேரிக்குள் வந்தான்.

கதை என்ன? ஜோ அநாதை, ஊர்சுற்றி. டோக்கியோவின் சான்யா பகுதிக்கு வந்து சேருகிறான். நம்ம பக்கம் விடியற்காலையில் கூட்ரோட்டில் கொத்தனாரும் சித்தாளும் நிற்க, மேஸ்திரி வந்து ஆள் பொறுக்கிப் போகிற மாதிரி, அன்றாடக் கூலிகள் நிற்கிற இடம் அது. அங்கே தன்பெய் என்கிற ஒற்றைக்கண் குடிகாரர், பழைய குத்துச்சண்டைக்காரர், இவனைப் பார்த்து வாத்தியாராகிறார். ஒரு பாலத்தடியில் ஓட்டைக் கொட்டகை போட்டுப் பயிற்சி நடக்கிறது. அந்த இடத்தின் பெயர் கண்ணீர்ப் பாலம். பழைய காலத்தில் பக்கத்திலிருந்த கொசுகப்பாரா கொலைக்களத்துக்கு இழுத்துப்போகிறவர்களைச் சொந்தபந்தம் கடைசியாகப் பார்த்து அழுத பாலம். கொலைக்களத்தில் பிணம் தூக்கும் வேலையை யார் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த நாட்டுத் தீண்டப்படாதவர்கள். தோல் பதனிட்ட அவர்களின் குடியிருப்பும் அங்கிருந்து எட்டிய தூரத்தில்தான். பறையும் சுடுகாடும் எங்கே இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1966-ல் சான்யா என்ற பெயரை அரசாங்கம் வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டது. வேறு பெயர்களில் பங்கு போட்டுவிட்டார்கள். கூலிக்காரன் அங்கேயேதான் நின்றான். இங்கே 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, நீக்கட்டும். கண்ணாடிக் கட்டிடங்களின் முகவரியில் 'சேரி' என்ற சொல் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல் நம்மேல் விழும்போது மட்டும் நாறுகிறது. ஆக, நாற்றம் சொல்லில் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கதையில் ஜோவின் எதிரி ரிக்கிஷி. ஜோவோடு மோதவேண்டும் என்பதற்காகவே பட்டினி கிடந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் எடையைக் குறைக்கிறான். ஜெயிக்கிறான். ஜெயித்ததும் சாகிறான். 1970 மார்ச் 24 அன்று அந்தக் கற்பனை மனிதனுக்கு டோக்கியோவில் பதிப்பகத்தின் கட்டிடத்திலேயே நிஜமான இறுதிச்சடங்கு நடந்தது. கவிஞர் ஷூஜி தெராயாமா முன்னின்று நடத்தினார். சுமார் 700 பேர் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து மார்ச் 31 அன்று செஞ்சேனைக் குழு இளைஞர்கள் ஒன்பது பேர் ஒரு விமானத்தைக் கடத்தி வடகொரியாவுக்குப் போனார்கள். நாங்கள்தான் 'நாளைய ஜோ' என்று அறிக்கை விட்டார்கள்.

இலக்கியத்தின் வலிமைக்குச் சான்று என்று இதைப் புல்லரித்துச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. கவிஞன் ஜோவை எடுத்துக்கொண்டான். மாணவன் எடுத்துக்கொண்டான். பனியன் கம்பெனி எடுத்துக்கொண்டது. 2012-ல் சான்யாவின் கடைத்தெருவில் ஜோவுக்குச் சிலையும் வைத்தார்கள். சான்யாவை யார் எடுத்துக்கொண்டார்கள்?

எடுக்கப் போனவர்கள் இருந்தார்கள். சான்யாக் கூலிகளின் போராட்டத்தைப் படமாக்கத் தொடங்கிய இயக்குநர் மிட்சுவோ சாட்டோவை 1984 டிசம்பரில் குத்திக் கொன்றார்கள். அந்தப் படத்தை முடித்துக் கொடுத்தவர்களில் ஒருவரான கியோய்ச்சி யமவோகாவை 1986 ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள். கூலிகளை வைத்துப் பிழைத்த ரவுடிக் கும்பலின் வேலை. ஜோவைப் படமாக்கினால் புகழ். ஜோவின் தெருவைப் படமாக்கினால் சாவு. ஐம்பதாண்டுச் செல்வாக்கு என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும்.

கடைசிக் காட்சிக்கு வருவோம். உலகச் சாம்பியன் மெண்டோசாவோடு பதினைந்து சுற்று சண்டை போட்டுத் தோற்று, மூலையில் உட்கார்ந்து, வெள்ளைச் சாம்பலாக எரிந்து முடிந்தேன் என்கிறான் ஜோ. செத்தானா, பிழைத்தானா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. மிச்சமில்லாமல் எரிவதே வாழ்க்கை என்று ரசிகர்கள் தத்துவம் சொல்கிறார்கள். ஒன்று கேட்கிறேன்: இந்தத் தத்துவம் யாருக்கு இனிக்கிறது? எரியாமலிருக்க வழி உள்ளவனுக்கு. சோறு நிறைய இருக்கிறவனுக்குத்தான் பட்டினி தவம். என் ஆயாவுக்கு அது பட்டினி.

ஜோவின் கதை தொடங்கிய அதே 1968-ல், டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் சாம்பலானார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிகளின் பெண்டு பிள்ளைகள். அந்தச் சாம்பல் வெள்ளையா கறுப்பா என்று எவனாவது தத்துவம் பேசினானா? எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாகப் பஞ்சமி நிலம் வந்தது. வந்த நிலம் கைமாறிப் போனது. கரணையில் அதை மீட்கப் போராடியவர்கள் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் சாம்பலாக ஆசைப்பட்டுப் போகவில்லை. நிலம் கேட்கப் போனார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: எரிவதை அழகாக்குகிற எந்தக் கலையையும் நாம் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். அது டோக்கியோவிலிருந்து வந்தாலும் சரி, நம் ஃபிளெக்ஸ் பேனரிலிருந்து வந்தாலும் சரி. ஆமாம், நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் தோழர்களே. செத்தவனுக்கு வீரவணக்கம் போட நமக்கு ஒரு மணி நேரம் போதும். இருக்கிறவன் பத்தாவதில் கணக்குப் பாடத்தில் ஃபெயிலாகி பெயிண்ட் வேலைக்குப் போகும்போது நாம் எங்கே இருந்தோம்?

2021-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தது. அது ஜோவைப் பார்த்து எடுத்தது என்று நான் சொல்லவில்லை. வடசென்னைக்கு யாரிடமும் குத்துச்சண்டையைக் கடன் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. பரம்பரை, வாத்தியார் என்று தனக்கென்று ஒரு மரபும் அதற்குரிய பேச்சும் அங்கே உண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற சனம் வளர்த்த ஆட்டம் அது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கபிலனும் கூலிக்காரன். அவனுக்கும் ஒரு வாத்தியார். ஜெயிக்கப்போகிற நேரத்தில் அவனை அம்மணமாக்குகிறார்கள். ஜெயிலுக்குப் போகிறான், சாராயத்தில் விழுகிறான், உடம்பு பெருக்கிறான். எரிந்துபோக எல்லா வசதியும் படத்தில் இருக்கிறது. ரஞ்சித் அவனை எரிய விடவில்லை. சண்டைக்குப் போகாதே என்று அடித்து அழுகிற அம்மா பாக்கியம், சோறு முக்கியம் என்று முகத்துக்கு நேரே கேட்கிற மாரியம்மா, கடற்கரையில் மறுபடி ஓடப் பழக்குகிற பீடி ராயப்பன், இவர்கள் விடவில்லை. இரண்டாம் பாதி இழுவை, குடும்பச் சண்டையைக் குறைத்திருக்கலாம் என்று நண்பர்கள் சிலர் சலித்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பச் சண்டைதான் அய்யா ஆயாவின் கேள்வி! ரவுடியாகி வெட்டுப்பட்டுச் செத்த குத்துச்சண்டைக்காரனின் பொண்டாட்டிக்கு மகன் சாம்பலாவதில் என்ன பெருமை இருக்கமுடியும்? கபிலன் உயிரோடு ஜெயித்து வீட்டுக்குப் போகிறான். தலித் அழகியல் என்று எதையாவது சொல்வதானால் இதைச் சொல்வேன்.

அப்படியானால் சுவரிலிருந்து ஜோவை அழித்துவிடலாமா? வேண்டாம். எல்லாரும் எடுத்துக்கொண்டு போனதில் ஒன்றை மட்டும் யாரும் சரியாக எடுக்கவில்லை. அது நமக்காகவே கிடக்கிறது.

ஜோ சிறுவர் சிறையில் இருக்கும்போது தன்பெய் அவனுக்கு அஞ்சலட்டை போடுகிறார். 'நாளைக்காக' என்று தலைப்பு, 'பாடம் ஒன்று' என்று எண். அதில் ஜாப் என்கிற இடதுகைக் குத்து. முழங்கையை விலாவை விட்டு அகட்டாமல் நேராகக் குத்தவேண்டும், குத்திய வேகத்தில் கையைத் திரும்ப இழுக்கவேண்டும். அவ்வளவுதான் செய்தி. கிழவனுக்கு என்ன பைத்தியமா என்று நினைக்கிற ஜோ, வேறு வேலை இல்லாததால் செய்து பார்க்கிறான். கை வேறு கையாகிறது. அப்புறம் அடுத்த பாடம். குடிகாரர், தோற்றவர், சொந்தமாக ஒரு கூரை இல்லாதவர். ஆனால் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைத் துண்டு துண்டாக நறுக்கி, எண் போட்டு, கம்பிக்கு அந்தப்பக்கம் இருக்கிறவனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அம்பேத்கர் நம்மிடம் முதலில் கேட்டதும் கல்விதானே?

நம்மில் எம்.ஏ. படித்தவர்கள் இருக்கிறோம். வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்குள் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, சேரியைச் சொல்லாமல் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்தது எதுவோ அதை எண் போட்டு அனுப்ப ஏன் முடியவில்லை? பட்டா எப்படிப் படிப்பது, பாடம் ஒன்று. எஃப்.ஐ.ஆர். நகல் எப்படிக் கேட்டு வாங்குவது, பாடம் இரண்டு. பின்னத்தை எப்படிக் கூட்டுவது, பாடம் மூன்று. கவிதை பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஆயாவிடம் இந்த அஞ்சலட்டைக் கதையைச் சொன்னேன். "அந்தக் கெழவன் படத்தைப் போடச் சொல்றா அவன" என்றது. பையன் இன்னும் போடவில்லை. கூடத்தில் அவனோடு சேர்த்துப் பதினேழு பேர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு. கணக்குக்கு ஆள் இல்லை. வாங்க.