சிலுவையைச் சுமத்தியவர்கள் யார்?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. நகைக் கடன் கவுண்ட்டரில் என் முன்னால் வந்து நின்றவர் என் சித்தப்பா. கையில் பழைய கடன் சீட்டு. சித்தியின் இரண்டு பவுன் செயின் ஒன்பது வருடமாக எங்கள் கிளைப் பெட்டகத்தில்தான் கிடக்கிறது. சித்தி கழுத்தில் அது இருந்த நாட்களைவிட எங்கள் மதிப்பீட்டாளர் தராசில் இருந்த நாட்கள்தான் என் கண்ணில் நிற்கிறது.

"வட்டிய மட்டும் கட்டி இன்னொரு வருசம் தள்ளி வைக்க முடியுமாப்பா?" என்றார். முடியாது, முழுசாகக் கட்டி மீட்டு மறுபடி வைக்கணும் என்றேன். ஒருநாள் கைமாத்துக்கு யாரைக் கேட்பது என்று வாசலில் நின்று போன் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் கொடுத்தேன். சாயங்காலமே திருப்பித் தந்துவிட்டார். பண விசயத்தில் கறாரான மனிதர்.

சித்தப்பா உபதேசியார். இருபத்தெட்டு வருடமாக ஐந்து காலனிகளில் ஊழியம். முதலில் நடை, பிறகு சைக்கிள், இப்போது ஒரு பழைய டிவிஎஸ். திருச்சபை தரும் சம்பளம் ஒன்பதாயிரம். அதில் பெட்ரோல் அவருடையது. சாவு வீட்டுக்கு வாங்கிப்போகிற மாலை அவருடையது. பரீட்சைக்குக் கட்டணம் இல்லாமல் நிற்கிற பிள்ளைக்குக் கொடுப்பதும் அவருடையது. செயின் பெட்டகத்தில் கிடப்பதற்கு இதுதான் காரணம், ஊதாரித்தனம் இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் அப்பா ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவர் தம்பி எடுத்தார். ஒரே தாய் வயிறு, ஒரே காலனி, ஒரே சுடுகாட்டுப் பாதைத் தகராறு. ஊர்க்காரன் ரெண்டு பேரையும் ஒரே பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். ஆனால் தாசில்தார் ஆபீசில் மட்டும் இரண்டு சாதி. என் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். சித்தப்பா பையன் சான்றிதழில் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர். படிப்பில் அவன் என்னைவிட ஒருபடி மேல். இரண்டு பேரும் ஒரே வருடம் வங்கித் தேர்வு எழுதினோம். பட்டியல் சாதிக்கான இடத்தில் நான் உள்ளே வந்தேன். அவன் வெளியே நின்றான். இன்றைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நான் கவுண்ட்டருக்கு உள்ளேயும் சித்தப்பா வெளியேயும் நிற்கிற காட்சிக்குப் பின்னால் 1950 ஆகஸ்ட் 10 என்ற தேதி நிற்கிறது.

அன்றைக்குத்தான் பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அதன் மூன்றாவது பத்தி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியேதான். அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. நீக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. ஆணையங்கள் மாறுகின்றன, தீர்மானங்கள் சேருகின்றன. சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

இட ஒதுக்கீடு மட்டும்தான் போனது என்று நினைக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கிறிஸ்துமஸ் பஜனை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாடிப்போன சித்தப்பாவை ஊர்த்தெரு முனையில் மறித்து அடித்தார்கள். கிதாரை உடைத்தார்கள். அடிக்கும்போது அவர் எந்தச் சபை என்று ஒருத்தனும் கேட்கவில்லை. சாதிப் பேரைச் சொல்லித்தான் அடித்தான். புகார் கொடுக்கப் போனால் காவல் நிலையத்தில் கேட்டார்கள்: "நீதான் கிறிஸ்டியன் ஆயிட்டியே, உனக்கு எப்படியா வன்கொடுமைச் சட்டம்?" அடித்தவனுக்குத் தெரிந்த சாதி, சட்டத்துக்குத் தெரியவில்லை.

இது ஏதோ ஒரு காவல் நிலையத்தின் அறியாமை என்று அப்போது நினைத்தேன். 2025 ஏப்ரலில் ஆந்திர உயர்நீதிமன்றம் அதையே தீர்ப்பாக எழுதியது. குண்டூர் மாவட்டத்தில் பல வருடமாகப் போதகர் வேலை பார்த்த ஒருவர், சாதி சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்று புகார் கொடுத்திருந்தார். கிறித்தவத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதிக்காரராக நீடிக்க முடியாது, எனவே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று வழக்கையே ரத்து செய்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். ஒருத்தர் ஊழியத்துக்கு வந்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

சட்டம்தான் இப்படி, சபை என்ன செய்தது? சித்தப்பா ஆயர் படிப்புக்கு மூன்று முறை மனுப் போட்டார். மூன்று முறையும் பதில் ஒன்றுதான்: பொறுமையாக இருங்கள். அவருக்குப் பின்னால் வந்த, வேறு சாதியில் பிறந்த இரண்டு பேர் அங்கியோடு திரும்பி வந்து அவருக்கே ஆயர்களாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முறை மனு திரும்பிய பிறகும் யாராவது வந்து தோளில் தட்டிச் சொன்ன ஆறுதல், "சிலுவையச் சுமக்கணும் உபதேசியாரே."

நான் சபைக்குப் போகிறவன் இல்லை. ஆனாலும் வேதத்தை வாசித்திருக்கிறேன். சிலுவைப் பாதையில் இரண்டு பேர் சிலுவை சுமக்கிறார்கள். ஒருவர் இயேசு. தெரிந்து, தேர்ந்து, அதிகாரத்தை எதிர்த்ததற்கான விலையாக அவர் சுமந்தார். இன்னொருவன் சிரேனே ஊர் சீமோன். நாட்டுப்புறத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தவன். சிப்பாய்கள் அவனைப் பிடித்து, கட்டாயப்படுத்தி, தோளில் ஏற்றினார்கள். அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், அது வெட்டி வேலை. நம் பாட்டன் பூட்டன் எல்லாம் செய்தது.

சபையில் 'பாடுகளைச் சகிப்பது' பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த இரண்டு சிலுவைகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஐந்து காலனிக்கு மழையில் போவது கஷ்டம். சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பது கஷ்டம். அது அழைப்போடு வருகிற கஷ்டம். அதைச் சித்தப்பா ஒருநாளும் கஷ்டம் என்று சொன்னதில்லை. ஆனால் ஒன்பதாயிரம் சம்பளம், மூன்று முறை திரும்பிய மனு, சுவர் வைத்துப் பிரித்த கல்லறை, இதெல்லாம் அழைப்போடு வந்ததா? மனுசன் ஏற்றி வைத்தது. ஏற்றி வைத்தவனே எதிரில் நின்று "பொறுமை ஒரு புண்ணியம்" என்று சொல்வது என்ன நியாயம்?

சாதி இருக்கிறது என்பதை இப்போது மேலே உள்ளவர்களும் மறுப்பதில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித் ஒருவர் அந்த இடத்துக்குப் போனது அதுதான் முதல்முறை. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கர்தினாலின் சிவப்புத் தொப்பியைக் காட்டி ஊர் ஊராக இருக்கிற உபதேசியார்களின் கிழிந்த சட்டையை மறைத்துவிட முடியாது.

விடாமல் நிற்பது என்றால் என்ன என்று நம் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. குமரி மாவட்டத்து மயிலாடிக்குப் போங்கள். சாம்பவர் குலத்து மகராசன் என்பவர் சாமி தேடிச் சிதம்பரம் வரை நடந்தவர். தஞ்சாவூரில் கிறித்தவம் கேட்டு வேதமாணிக்கம் ஆகித் திரும்பினார். ஊரில் நிலக்காரர்களின் கொடுமை. அவர் வாயை மூடிச் சகித்துக்கொண்டு உட்காரவில்லை. மறுபடி புறப்பட்டுப் போய், எங்களுக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று கேட்டார். 1806இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தது இப்படித்தான். 1809இல் மயிலாடியில் கோயில் எழும்பியது. 1816இல் ரிங்கல்தௌபே போனபோது பொறுப்பு வேதமாணிக்கத்தின் கைக்கு வந்தது. 1818இல் மீட் வரும்வரை அந்தச் சபைகளை நடத்தியவர் ஒரு சாம்பவர்! வெள்ளைக்காரன் வந்து நம்மைத் தூக்கிவிட்டான் என்று எழுதுகிறவர்கள், வெள்ளைக்காரனைக் கூப்பிட்டு வந்தவன் யார் என்பதை ஏன் எழுதுவதில்லை?

பஞ்சாபிலும் இதே கதை. சியால்கோட் பக்கம் டிட் என்று ஒருவர். சூஹ்ரா சாதி, தோல் வியாபாரம், ஒரு கால் ஊனம். 1873இல் ஞானஸ்நானம் கேட்டுப் போனார். மிஷனரிக்குத் தயக்கம். எடுத்த பிறகும் மிஷன் வளாகத்தின் பாதுகாப்பில் தங்கவில்லை. என் ஊருக்கே போகிறேன் என்று திரும்பினார். சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்தார்கள். கொஞ்ச நாளில் தன் மனைவியையும் மகளையும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரையும் அழைத்துக்கொண்டு நொண்டி நொண்டி மறுபடி வந்து நின்றார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்த மாவட்டத்து சூஹ்ராக்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர்கள். ஒரு கூட்டத்தையே நகர்த்தியது சம்பளம் வாங்காத, படிக்காத ஒரு தோல் வியாபாரியின் பிடிவாதம்.

கவனியுங்கள், இவர்கள் சகித்தவர்கள் மட்டும் இல்லை. கேட்டவர்கள், திரும்பத் திரும்பப் போய் நின்றவர்கள்.

நம் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "மதம் மாறியும் சாதி போகலையே, அப்புறம் எதுக்கு அந்த ஊழியம்?" என்று கேட்கிறீர்கள். மதம் மாறியவனைச் சாதி விடாமல் துரத்துகிறது என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியதை நானும் படித்திருக்கிறேன். அன்றைக்குக் கவுண்ட்டரில் எனக்கும் அந்தக் கோபம்தான். "விட்டுட்டு வாங்க சித்தப்பா. இருபத்தெட்டு வருசத்துல என்ன கண்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "என்னைக் கூப்பிட்டது அந்த ஆபீஸ் இல்லப்பா. அப்புறம் அவங்களுக்காக நான் எதுக்கு விட்டுட்டு வரணும்?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. அந்த ஐந்து காலனிகளை நினைத்துப் பார்த்தேன். பட்டா மனு எழுதியவர் அவர். கூலி பாக்கி நின்றபோது பெண்களைக் கூட்டிக்கொண்டு யூனியன் ஆபீசில் உட்கார்ந்தவர் அவர். ஜெப வீட்டில் பாயை விரித்து இரவுப் பள்ளி நடத்தியவர் அவர். நம் இயக்கத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் நான்கு பிள்ளைகள் அந்தப் பாயில் படித்தவர்கள். என் முதல் கவிதையைத் திருத்தியதும் அவர்தான். நாம் 'இயக்கம்' என்கிறோம், அவர் 'ஊழியம்' என்கிறார். வார்த்தைக்காக அவரை நம்மிடமிருந்து பிரித்தால் நட்டம் நமக்குத்தான்.

ஆகவே, மூன்றாவது பத்தியை நீக்கு என்பது கிறித்தவர்களின் தனிக் கோரிக்கை இல்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியும் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறவர்களோடு நாமும் தெருவில் நிற்க வேண்டும். என் போன்று சான்றிதழால் உள்ளே வந்தவர்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கடன் உண்டு. அதற்கு மறுஅடகு கிடையாது. மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் உபதேசியாரைப் போய்ப் பாருங்கள். என்ன சம்பளம், எத்தனை மனு திரும்பியது, கல்லறையில் சுவர் உண்டா என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம். பெயரை மறைக்கச் சொன்னால் மறைப்போம், விவரத்தை மறைக்க மாட்டோம்.

சித்தப்பாவுக்கு இந்தத் தலையங்கத்தை அச்சுக்குப் போகும் முன் வாசித்துக் காட்டினேன். சம்பளக் கணக்கில் ஒரு திருத்தம் சொன்னார். பெட்ரோலைச் சபை ஒரே ஒரு வருடம் கொடுத்ததாம், அதையும் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். பிறகு, நான்காவது முறையாக மனு எழுதி வைத்திருப்பதைக் காட்டினார். இந்த முறை 'தயவுகூர்ந்து' என்ற வார்த்தை அதில் இல்லை.

தோழமையுடன்,
ஆசிரியர்