கறுத்த முகமும் தூண் வைத்த வீடும்

மாசி பிறந்துவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் நடுப்பகலில் கண் கூசும். உப்புக் குவியலில் பட்டுத் திரும்பும் வெயிலில், தலையில் கூடையோடு வரப்பில் வரும் நம் பெண்கள் கரிக்கோடு போலத் தெரிவார்கள், முகம் தெரியாது. இந்த முகங்களை யாராவது வரைந்திருக்கிறார்களா என்று மாணவி ஒருத்தி நம்மிடம் கேட்டாள். அப்போது நினைவுக்கு வந்தவர் ஓவியர் இளையராஜா.

1979இல் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில், தச்சுத் தொழில் செய்த பெரிய குடும்பத்தில் பிறந்தவர். கும்பகோணம், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படித்தார். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களைப் புகைப்படம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். நாமும்தான். சன்னல் வழியே சாய்ந்து விழும் வெளிச்சம். அதில் பாவாடை தாவணியில் ஒரு கறுத்த பெண். கறுப்பைக் குழைத்து அப்பினால் கறுத்த தோல் வந்துவிடாது. பழுப்பு, சிவப்பு, நீலம் என்று அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது. அதனால் வெளிச்சத்தையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைக்க ஓவியருக்கு நேரம் கிடைக்கிறது. ரவிவர்மாவின் வெளுத்த லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டர்களாகி நம் குடிசைச் சுவரிலும் தொங்கினார்கள். அந்தச் சுவருக்குக் கறுத்த பெண்ணை அழகாகக் கொண்டுவந்தது சாதாரணக் காரியமல்ல.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் பார்த்த படங்களில் அந்தப் பெண்கள் பெரும்பாலும் நிற்பது தூண் வைத்த வீட்டில், பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே. அது யாருடைய வீடு? சேரியில் பித்தளைக் குடம் அடகுக்கடைக்குப் போய் எத்தனையோ காலமாகிறது. நிறம் நம்முடையதாக வந்தது. வேலையும் வெயிலும் படத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. இது அவர்மேல் குற்றமில்லை. தான் வளர்ந்த வீட்டை அவர் வரைந்தார். உப்பளத்தை உப்பளத்துப் பிள்ளைதான் வரைய வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறதா? இளையராஜாவைப் பள்ளியிலேயே ஊக்குவிக்க ஓர் ஓவிய ஆசிரியர் இருந்தார். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி போன்றவற்றுக்கு மாதம் 5,000 ரூபாயில் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தாத போராட்டம் இல்லை. அந்த அரை நாளில் எந்தப் பிள்ளையின் கையை யார் கவனிப்பது?

பிளஸ் டூ முடிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குத் தெற்கே புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. வடக்கே மாமல்லபுரத்தில் அரசு கட்டடக் கலை, சிற்பக் கலைக் கல்லூரி. இரண்டுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே போய்விடலாம். விசாரியுங்கள். பழகுவதற்கு எண்ணெய் வண்ணம் வேண்டாம், அடுப்புக்கரி போதும்.

கல்வித் துறையிடம் கேட்பது இவ்வளவுதான்: மரக்காணம் ஒன்றியத்தில் எந்தெந்தப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இருக்கிறார், எதில் இல்லை என்ற பட்டியலை வெளியிடுங்கள்.