கூரம் செப்பேடும் நமது வாய்க்கால்களும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் ஒரு சிற்றூர். ஆயினும், ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த செப்பேட்டால் அவ்வூர் வரலாற்றில் நிலைபெற்றது. பெருவளநல்லூர்ப் போரில் சாளுக்கியரை வென்ற பெருமையை அது விரிவாகப் பேசுகிறது. பலரும் நினைவுகூர்வது அப்போரையே.

நாம் கருத்தூன்ற வேண்டியது செப்பேட்டின் மற்றொரு செய்தி. பரமேசுவர தடாகம் என்னும் ஏரியும், அதற்குப் பாலாற்று நீரைக் கொணரப் பெரும்பிடுகு என்னும் வாய்க்காலும் அமைக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. ஏரி மட்டும் போதாது, நீர் வரும் வழியும் வேண்டும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். இன்றோ ஏரியை ஆழப்படுத்திவிட்டு, வரத்துக்காலை ஆக்கிரமிப்புக்கு விட்டுவிடுகிறோம்.

பிறர் தாகம் தீர்ப்பதை, மரணத்திற்குப் பின்னும் நன்மை சேர்க்கும் நிலையான தர்மமாக இஸ்லாம் போற்றுகிறது. கிணறு வெட்ட மனமுவந்து நிதி தருகிறோம். வரத்துக்காலைச் சீரமைப்பதும் அதே தர்மம்தான். ஏரியை வெட்டியவர் எச்சமயத்தவர் என்பது இங்கே பொருட்டன்று. அதன் நீர் எல்லோர் வயலுக்கும் பாய்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நம் ஜமாஅத்துகள் ஊராருடன் சேர்ந்து இப்பணியில் இறங்க வேண்டும்.